விழுந்துடுவனோ: ஒரு பயத்தின் வரலாறு

"பாத்துப் போ, விழுந்துடப் போற" என்று நாம் அதிகமாகச் சொல்வது இரண்டு பேரிடம்தான். நடை பழகும் குழந்தையிடம், நடை தளர்ந்த பெரியவர்களிடம். குழந்தை விழுந்தால் தரையை ரெண்டு தட்டு தட்டி, "தரைய அடிச்சாச்சு, அழாதடா கண்ணு" என்று சமாதானம் செய்வோம். எழுபது வயதில் ஒருவர் விழுந்தால் தரையை யாரும் அடிப்பதில்லை. விழுந்தவருக்குத்தான் திட்டு. "சொன்னா கேக்கறியா? யாரு உன்ன எந்திரிக்கச் சொன்னது?"

அந்தத் திட்டுக்கும் முன்னால், விழுவதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. விழுந்துடுவனோ என்கிற பயம். அதிலும் சர்க்கரை நோயோடு முதுமைக்குள் வந்து சேர்ந்தவர்களின் பயம் கொஞ்சம் தனி ரகம். கடலூர், சிதம்பரம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்தப் பயத்தோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பயம் என்று அவர் சொல்ல மாட்டார். "வெயிலா இருக்கு" என்பார். "கூட்டமா இருக்கும்" என்பார். "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்பார். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நாம் நினைப்பதைவிட இளமையான வரலாறு அது.

ஊன்றுகோல் இருந்தது

புறநானூற்றின் 243-ஆம் பாடலைப் பாடியவருக்குப் பாட்டில் வரும் கைத்தடியே பெயராகிவிட்டது. தொடித்தலை விழுத்தண்டினார். பூண் போட்ட தடியை ஊன்றி நடக்கும் கிழவர் ஒருவர் பேசுகிறார். நாலு வார்த்தை பேசுவதற்குள் நடுவில் இருமல் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் ஆற்றங்கரை மரத்தில் ஏறி, ஆழமான மடுவில் குதித்து, அடியில் கிடந்த மணலை அள்ளிவந்து கரையில் நிற்பவர்களுக்குக் காட்டிய ஆள் அவர். அந்த இளமை எங்கே போனது என்பதுதான் அவர் துக்கம். நாளைக்கு இந்தத் தடி வழுக்கிவிடுமோ என்பது அவர் கவலையில் இல்லை.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் சிதம்பரத்தில் அரங்கேறியதாக மரபு. அதிலும் கால் தளர்ந்தவர் ஒருவரும் தடி பிடித்தவர் ஒருவரும் வருகிறார்கள். சுந்தரர் கண் பார்வை இழந்து தடுமாறி நடக்கும்போது திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்குக் கொடுப்பது ஓர் ஊன்றுகோல். பார்வை பிறகு வேறு ஊர்களில்தான் கிடைக்கிறது, முதலில் தடி. இன்னொருவர் அப்பர். பண்ருட்டி பக்கத்துத் திருவாமூர்க்காரர். கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் கரை சேர்ந்த இடம் திருப்பாதிரிப்புலியூர், இன்றைய கடலூர். முதுமையில் கயிலைக்குப் போகும் வழியில் அவருக்குப் பாதம் தேய்கிறது. கையால் தாவிப் போகிறார். கையும் தேய, மார்பால் ஊர்கிறார். பிறகு உருள்கிறார். திரும்பிப் போகச் சொல்லியும் கேட்கவில்லை.

இந்தக் கதைகளில் தடி இருக்கிறது, தளர்ந்த கால் இருக்கிறது, குருடு இருக்கிறது. நான் தேடும் ஆள் இல்லை. கால் இருக்கிறது, கண்ணும் ஓரளவு இருக்கிறது, ஆனால் தரையைப் பற்றிய சேதி மட்டும் மேலே வந்து சேர மாட்டேன் என்கிறது. அப்படி ஒருவர் அந்தக் கதைகளுக்குள் வராததற்குக் காரணம் எளிது. அப்படிப்பட்டவர்கள் அன்றைக்கு அவ்வளவு நாள் உயிரோடு இருந்ததில்லை.

சர்க்கரையோடு கிழவர் ஆனவர்கள்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் வழியில் நெல்லிக்குப்பம். பாரி கம்பெனி 1840-களில் அங்கே தொடங்கிய சர்க்கரை ஆலை, இந்தியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று, இன்னும் ஓடுகிறது. இந்தப் பக்கம் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில், "கரும்பு மாவட்டம்ல, அதான் எல்லாருக்கும் சுகரு" என்று யாராவது ஜோக் அடிப்பார்கள். ஜோக்கோடு விட்டுவிட வேண்டும். ஆலைக்கும் வியாதிக்கும் நேர்க்கோடு கிடையாது. பரம்பரை, இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, மூன்று வேளையும் பட்டை தீட்டிய அரிசி, வயல் வேலை போய் வந்த உட்கார்ந்த வேலை என்று பல இழைகள் சேர்ந்து திரிந்த கயிறு அது.

நோய் பழையது. எறும்பு மொய்க்கும் சிறுநீரை வைத்து நம் வைத்தியர்கள் அதற்கு மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் அதே இனிப்பைப் பற்றி எழுதினார். ஆனால் பெயர் தெரிந்ததால் யாரும் பிழைக்கவில்லை. 1921-ல் டொரோன்டோவில் இன்சுலின் கண்டுபிடித்து, 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடும்வரை, சிறு வயதில் சர்க்கரை வந்தவர்களின் ஆயுள் பெரும்பாலும் மாதக்கணக்குதான். நடு வயதில் வந்தவர்கள் சில வருஷம் தள்ளுவார்கள். பிறகு காலில் ஆறாத புண்ணோ காசநோயோ கொண்டுபோய்விடும்.

நம் ஊரில் இந்த நோய்க்கென்று தனி மருத்துவம் வேர் பிடித்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்குத் தனி கிளினிக் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை. அதன் பிறகான எழுபது வருஷத்தில் மாத்திரை மலிவானது, இன்சுலின் அரசு மருத்துவமனைக்கு வந்தது, சுகர் பார்க்கும் மெஷின் வீட்டு அலமாரிக்கு வந்தது.

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இன்னொரு எண் வயது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-க்கான மதிப்பீடு 13.6. இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வரலாற்றுக்கே புதிதான ஓர் ஆள் நிற்கிறார். சர்க்கரையோடு 25 வருஷம் வாழ்ந்து எழுபதைத் தாண்டியவர். இதயம் ஓடுகிறது. சிறுநீரகம் சமாளிக்கிறது. பாதத்தின் நரம்பு மட்டும் சத்தமில்லாமல் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவம் தோற்றதால் வந்த பயம் இல்லை இது. ஜெயித்ததால் வந்தது.

முகம் கழுவும்போது விழுந்தவர்கள்

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாற்றி ஆடுகிறார். சிதம்பரத்தில் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கியிருப்பவர், அங்கே இடதை ஊன்றி வலதைத் தூக்கியிருக்கிறார். திருவிளையாடல் புராணம் சொல்லும் காரணம் இது: பாண்டிய ராஜா ஒருவர் மற்ற கலைகளையெல்லாம் கற்றுவிட்டு மிச்சமிருந்த நாட்டியத்தைக் கற்கப் போனார். உடம்பெல்லாம் வலித்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, ஒரே காலில் காலம் காலமாக நிற்கும் கடவுளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று. காலை மாற்றிக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டார். நிற்பதே ஒரு வேலை என்பது அதைச் சொந்த உடம்பில் செய்து பார்த்தவருக்குத்தான் தெரிகிறது.

அந்த வேலைக்கு மூன்று பேர் சேதி அனுப்ப வேண்டும். கண், உள்காது, பிறகு பாதமும் மூட்டும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, தரை சரிவா, ஈரமா, கல்லா என்பதை மூன்றும் சேர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. ஒன்று போனால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு போனால் கஷ்டம்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் பெர்லினின் மோரிட்ஸ் ரோம்பெர்க். 1840-களில் அவர் எழுதிய நரம்பு நோய்ப் புத்தகத்தில், தண்டுவடம் கெட்டவர்கள் கண்ணைத் திறந்திருக்கும்வரை நிற்கிறார்கள், மூடினால் தள்ளாடுகிறார்கள் என்று குறித்தார். காலையில் முகத்தில் தண்ணீர் அடிக்கக் கண்ணை மூடும் அந்த ஒரு நொடியில் விழுந்துவிடுவார்கள். கால் அனுப்ப வேண்டிய சேதி நின்றுபோனதால் அவர்கள் கண்ணால் நின்றுகொண்டிருந்தார்கள். காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொல்லும் அந்தச் சோதனைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

ரோம்பெர்க் பார்த்தது பெரும்பாலும் முற்றிய சிபிலிஸ் நோயாளிகளை. சர்க்கரை நோயாளிகளின் காலில் வலியும் மரப்பும் இருப்பதை ஜான் ரோலோ 1798-லேயே எழுதியிருந்தார். ஆனால் நரம்பு கெட்டதால் சர்க்கரை வருகிறதா, சர்க்கரையால் நரம்பு கெடுகிறதா என்ற குழப்பம் நீண்ட நாள் ஓடியது. சர்க்கரைதான் காரணம் என்று 1864-ல் பிரான்ஸில் மார்ஷல் தெ கால்வி சொன்னார்.

அடுத்த திருப்பம் நம் ஊரில் நடந்தது. பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்று உலகமே நம்பியிருந்த காலம். உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டுக் காயம்பட்டுத் தேய்கின்றன என்று அவர் காட்டினார். வலி போன காலுக்குச் செருப்பே காவல் என்று வேலூரிலும் கரிகிரியிலும் மென்ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பின் பூர்வீகம் அதுதான். 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருந்தியது. 1986-ல் அதே கார்வில்லில்தான் ஒரு நைலான் இழையின் அளவு முடிவானது. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும் இழை. கண்ணை மூடிக்கொண்டு "இப்ப தெரியுதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சக்தியை இழந்துவிட்டது என்று அர்த்தம்.

உடம்பிலேயே நீளமான நரம்புகள் கால் விரலுக்குப் போகிறவை. சர்க்கரை முதலில் கை வைப்பது அவற்றில்தான். விரலில் தொடங்கிச் சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். நடந்துகொண்டிருக்கும்போதே செருப்பு கழன்றுபோய், பத்தடி தாண்டிப் பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு தெரிந்துகொள்பவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! 2022-ல் பிரேசிலிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 51 முதல் 75 வயதுக்காரர்கள் 1702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். நிற்க முடிந்தவர்களைவிட முடியாதவர்களிடம் சர்க்கரை நோய் சுமார் மூன்று மடங்கு அதிகம்.

பயத்துக்குப் பெயர் வந்தது

கால் மரத்துப்போவது பற்றி 18-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதியவர்கள், அந்தக் காலின் மேல் நிற்கும் மனுஷருக்கு என்ன தோன்றும் என்று கேட்க 1980-கள் ஆயிற்று. 1982-ல் பிரிட்டனைச் சேர்ந்த மர்ஃபியும் பெர்னார்ட் ஐசக்ஸும், விழுந்து மருத்துவமனைக்கு வந்த 36 முதியவர்களைக் கவனித்து எழுதினார்கள். பலருக்கு எலும்பு உடையவில்லை, பக்கவாதம் இல்லை. ஆனாலும் தனியாக நடக்க முடியவில்லை. எதையாவது எட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். விழுந்ததற்குப் பிந்தைய நோய்க்குறி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்து, விழாதவர்களுக்கும் இந்தப் பயம் இருக்கிறது என்பது தெரிய வந்தது. 1990-ல் அமெரிக்காவில் மேரி டினெட்டியும் கூட்டாளிகளும் பத்துக் கேள்விகள் தயாரித்தார்கள். பயமா என்று நேராகக் கேட்கவில்லை. குளிக்க, உடுத்த, படி ஏற, ஓடிப்போய் டெலிபோன் எடுக்க, விழாமல் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று கேட்டார்கள். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க யாருக்கும் பிடிக்காது, ஆனால் நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்வார்கள். 2005-ல் ஐரோப்பியக் குழு ஒன்று அதைப் பதினாறு கேள்விகளாக விரித்தது. வழுக்கும் தரை, மேடு பள்ளம், கூட்டம், உறவினர் வீடு, கடைசியாக வழிபாடு, குடும்ப விசேஷம் மாதிரியான நிகழ்ச்சிகள்.

அந்தப் பட்டியலை நம் ஊரில் உட்கார்ந்து படித்தால் விட்டுப்போனவை கண்ணில் படும். தரையோடு தரையாக இருக்கும் கக்கூஸில் குந்தி எழுவது இல்லை. பஸ்ஸின் முதல் படி இல்லை. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு ஈரத்தில் நிமிர்வது இல்லை. பழைய வீட்டு நிலைப்படியைத் தாண்டுவது இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த கோயில் கல்லில் உணர்வில்லாத காலோடு நடப்பது இல்லவே இல்லை.

ஆயா விழவே இல்லை

எங்கள் ஆயா கடலூர் முதுநகரில் இருந்தது. ஓ.டி. என்றால்தான் ஊர்க்காரர்களுக்குப் புரியும். சுகர் வந்து இருபது வருஷத்துக்கு மேல். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போவது அதற்குத் தீபாவளியைவிடப் பெரிய விசேஷம். விடியற்காலையில் பஸ் பிடித்து, ஆலப்பாக்கம், பு.முட்லூர் தாண்டி, தேரோடும் வீதியில் இடம் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, தரிசனம் பார்த்துவிட்டு, களி வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்து சேரும். வந்ததும் யார் யாரைப் பார்த்தது, எந்தச் சொந்தக்காரர் மெலிந்திருக்கிறார் என்று ராத்திரிவரை கதை.

ஒரு வருஷம் போகவில்லை. "கூட்டம் ஜாஸ்திடா, டிவில காட்டுவான், பாத்துக்கறேன்." அடுத்த வருஷம் தெருமுனை மாரியம்மன் கோயிலும் நின்றது. பிறகு தோட்டத்துக்குப் போய்த் துணி காயப்போடுவது. பிறகு சமையல் அறை. வீட்டில் எல்லோரும் வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போச்சு என்று எடுத்துக்கொண்டோம். சொந்தக்காரர்கள், "ராணி மாதிரி உக்காத்தி வெச்சுருக்கீங்க" என்று பாராட்டினார்கள்.

ஒருநாள் கால் பிடித்துவிடும்போது சாதாரணமாகச் சொன்னது: "பஞ்சு மேல நடக்கற மாதிரி கீதுடா. காலு தரையில படுதா படலியான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. கூட்டத்துல எங்கடா குனிஞ்சு பாக்கறது?"

ரோம்பெர்க் ஒரு புத்தகத்தில் எழுதியதை ஆயா மூன்று வரியில் சொல்லிவிட்டது. காலால் நிற்கவில்லை, கண்ணால் நிற்கிறேன், கூட்டம் என் கண்ணை மறைக்கிறது. அந்த பதினாறு கேள்விகளில் கூட்டத்துக்கும் வழிபாட்டுக்கும் உரிய கேள்விகளுக்கு அது எப்போதோ பதில் சொல்லிவிட்டது. கேள்வி கேட்டவர்தான் யாரும் இல்லை.

ஆயா கடைசிவரை விழவே இல்லை. ஒரு கீறல் கிடையாது. ஆனால் விழுந்து இடுப்பு உடைந்த ஒருவர் எதையெல்லாம் இழப்பாரோ அதையெல்லாம் ஒன்றொன்றாக இழந்தது. சிதம்பரம், மாரியம்மன் கோயில், தோட்டம், அடுப்படி, பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சு.

சர்க்கரை சேர்க்கும் சுற்று

இந்தப் பயம் கற்பனை இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஏறினால் ராத்திரி மூன்று தடவை, நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கும், அதுவும் இருட்டில். கண்ணின் விழித்திரை ஏற்கெனவே பழுதாகியிருக்கும். மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் லோ சுகர், தலை சுற்றும், கை நடுங்கும். ரத்தக் குழாயை இறுக்கும் நரம்பும் கெட்டிருந்தால் படுக்கையிலிருந்து எழுந்த நொடியில் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். எலும்பு ஸ்கேனில் நன்றாகத் தெரிந்தாலும் சர்க்கரை நோயாளிகளின் எலும்பு மற்றவர்களைவிட எளிதில் உடைகிறது. இவ்வளவும் ஒரே உடம்பில் இருக்கும்போது பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

வீடும் மாறிவிட்டது. சாணம் மெழுகிய தரை போய்ச் சிமெண்ட் வந்தது, சிமெண்ட் போய் டைல்ஸ் வந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தரையில் ஈரம் எது, வெளிச்சம் எது என்று கண்ணுக்கே தெரியாது. கண்ணை நம்பி நிற்பவருக்கு வெளிச்சம் போவது என்னவென்று 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த பிறகு பார்த்தோம். மாவட்டத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நமக்கு அது செல்போன் சார்ஜ் பிரச்சினை. கால் மரத்துப்போனவர்களுக்கு அது இரண்டாவது கண்ணும் போன மாதிரி.

ஆனால் பயம் பாதுகாக்க வந்து கெடுக்கிறது. பயந்து நடப்பவர் குட்டிக் குட்டி அடியாக வைக்கிறார், உடம்பை விறைப்பாக்குகிறார். திடீரென்று தடுமாறினால் அந்த விறைப்பே சமாளிக்க விடுவதில்லை. பிறகு நடையைக் குறைக்கிறார். தொடையில் சதை வற்றுகிறது. நாற்காலியிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டியிருக்கிறது. இதுவரை எல்லா முதியவர்களுக்கும் பொதுவான கதை. சர்க்கரை அதில் தன் பங்குக்கு ஒரு சுற்றைச் சேர்க்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் தின்று தீர்ப்பது தசைதான். தசை உட்கார்ந்துவிட்டால் சர்க்கரை ஏறும். ஏறினால் நரம்பு இன்னும் கெடும், ராத்திரி இன்னும் ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும். விழாமல் இருக்க உட்கார்ந்தவர், உட்கார்ந்ததாலேயே விழுவதை நோக்கிப் போகிறார்.

இதில் நம் பாசத்துக்கும் பங்கு உண்டு. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில். போனில் முடிந்ததெல்லாம் ஒரே ஒரு வார்த்தை: "நீ உக்காரும்மா." அம்மா விழுந்துவிட்டால் லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டுமே என்கிற நம் பயத்தையும் சேர்த்து அவர்தான் சுமக்கிறார்.

பால் பிராண்டின் அம்மா எவலின் பிராண்ட் பற்றி ஒரு சேதி உண்டு. 1929-ல் கணவர் இறந்த பிறகும் மலைகளை விடாதவர். மிஷன் ஓய்வு கொடுத்ததும் திரும்பத் தானாகவே மலைக்கு ஏறிவிட்டார். பலமுறை விழுந்து எலும்பு முறித்துக்கொண்டவர். இரண்டு மூங்கில் தடி ஊன்றியும் மட்டக்குதிரை ஏறியும் மலைக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1974-ல் 95 வயதில் இறந்தார். அந்தத் தைரியம் எல்லோருக்கும் வராது, வர வேண்டும் என்றும் இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததாகவும் கதை இல்லை. எனக்கு அதில் பிடித்தது வேறு. விழுந்தபோதெல்லாம் அவர் போகும் இடங்களைக் குறைக்கவில்லை, தடியைக் கூட்டிக்கொண்டார்.

எங்க பயமா இருக்கு?

இதற்கு மருந்து கடையில் கிடையாது, ஆனால் வழி உண்டு. 1990-களில் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சிகளை உருவாக்கினார்கள். கால் தசைக்கு வலு, சமநிலைக்குப் பழக்கம், கொஞ்சம் நடை. சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, அவ்வளவுதான். அதைச் செய்தவர்களிடம் விழுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. போன நரம்பு திரும்ப வராது. ஆனால் தசையும் உள்காதும் கண்ணும் சேர்ந்து அதன் வேலையைக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். தனியாக ஆரம்பிக்காமல் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லித் தர வேண்டும்.

அவரும் ரொம்பத் தூரத்தில் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும் திட்டமாகத்தான் நாம் அறிவோம். அதில் வீட்டுக்கு வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 2021 முதல் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. மாத்திரை வாங்கப் போகும்போது செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டலாம், "அந்த நைலான் இழைய வெச்சுப் பாருங்க டாக்டர்" என்று கேட்கலாம். சில நிமிஷ வேலை, பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை இன்னும் சின்னவை. படுக்கையிலிருந்து கக்கூஸ்வரை ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கு. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி. பின்பக்கம் வார் வைத்த, கழலாத செருப்பு, வீட்டுக்குள்ளும். எழுந்ததும் நடக்காமல் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்காருவது.

இதற்கெல்லாம் முன்னால் பேச்சை மாற்ற வேண்டும். "பாத்துப் போ, விழுந்துடப் போற" என்பது பயத்தை உறுதிப்படுத்தும் வாக்கியம். "வயசாயிடுச்சு, ஆசை போச்சு" என்பது பயத்தை மூடி வைக்கும் வாக்கியம். உங்கள் வீட்டில் சுகர் உள்ள ஒருவர் இந்த வருஷம் எதையாவது விட்டுவிட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். மொட்டை மாடி, ரேஷன் கடை, கல்யாண வீடு, திருவாதிரை. விட்டிருந்தால் காரணத்தை நீங்களே முடிவு செய்யாமல் அவரிடம் கேளுங்கள். எங்க கால் வைக்கும்போது பயமா இருக்கு? படியிலயா, ஈரத்துலயா, கூட்டத்துலயா? கேட்டால் இடத்தைச் சரியாகக் காட்டிச் சொல்வார்கள். படி என்றால் ஒரு கைப்பிடி, கூட்டம் என்றால் கூட ஒரு தோள் போதும்.